ரமாபாய் பிடுங்க மறுத்த பல்

வெள்ளத்துரை பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த அன்று தண்டையார்பேட்டை கிளினிக்கில் ரமாபாய் தனியாக இருந்தாள். கிளினிக் அவளுடையதல்ல, டாக்டர் சைமாவுடையது. சைமாவுக்கு ஏழாவது மாதம். மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போய்விடுவார். அதன்பின் வருகிறவர்களை ரமாபாய்தான் பார்க்க வேண்டும். பல் மருத்துவப் படிப்பையும் பயிற்சியையும் முடித்து, பதிவு எண் வாங்கி அவளுக்கு அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மணி இரண்டானாலே யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வாள்.

எந்தப் பல் என்று நோயாளியிடம் மூன்று முறை கேட்பாள். எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகும் அவர்கள் கையில் கண்ணாடியைக் கொடுத்து, "இதானே? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்பாள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு இன்னொரு முறை கேட்பாள். சிலர் எரிச்சலாகி, "டாக்டரு நீயா நானா?" என்று கேட்டிருக்கிறார்கள். தப்பான பல்லைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போல அவளுக்கு அடிக்கடி கனவு வரும்.

வெள்ளத்துரை அவளுடைய அப்பா செங்குட்டுவனின் சிநேகிதர். இரண்டு பேரும் டிரெய்லர் டிரைவர்கள். எண்ணூர் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி மணலி, மாதவரம் யார்டுகளில் இறக்குவார்கள். பிழைக்க வந்த பதினெட்டு வயதிலிருந்து எண்ணூரிலேயே இருப்பதால் வெள்ளத்துரையின் திருநெல்வேலிப் பேச்சு எப்போதோ மாறிவிட்டது.

"இன்னா பாப்பா, நீ மட்டும்தானா? பெரிய டாக்டரம்மா இல்ல?"

"நான் பாக்கறேன் மாமா. எந்தப் பல்லு?"

"சோத்தாங்கை பக்கம், மேல, கடைசி. கன்னத்த குத்திகினே கீது. புண்ணாயி மூணு மாசம் ஆச்சி. பல்லு போனா புண்ணு தானா ஆறிடும். ஜல்தியா முடி, நாலு மணிக்கு லோடு கீது."

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். இன்னும் திறக்கச் சொன்னாள். அவ்வளவுதான் என்று கையைக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு விரல்தான் நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் காய்ந்த தோல் போல விறைத்திருந்தது. கடைசிப் பல் உடைந்து கூராக இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு எதிரே இருந்த புண் பல் குத்தி வந்த புண் மாதிரி இல்லை. சுற்றிலும் சிவப்பு, சிவப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள். விரலால் ஓரத்தைத் தொட்டாள். கெட்டியாக இருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது.

கல்லூரியில் இப்படி நான்கைந்து வாய்களைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் பேராசிரியர் இருந்தார். இப்போது பக்கத்தில் இருந்தது எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும்தான்.

"மாவா போடுவீங்களா மாமா?"

"தூங்காம வண்டி ஓட்டணும் இல்ல? பாக்கும் பொகையிலயும்தானே, கன்னத்துல ஒதுக்கிக்குவேன். அத்த வுடு. பல்லப் பாரு."

"இன்னிக்கு பல்லப் புடுங்க மாட்டேன் மாமா. கூரா கீறத தேய்ச்சி மழுங்கடிச்சிடறேன். ரெண்டு வாரம் மாவாவத் தொடாதீங்க. அப்பவும் புண்ணு ஆறலன்னா அதுல துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

"டெஸ்ட்டா? இன்னாத்துக்கு?"

சொல்லாமல் சமாளிக்க வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. "கேன்சர் இல்லன்னு பாத்துக்கத்தான்."

கழுத்தில் கட்டியிருந்த துணியோடு எழுந்துவிட்டார் வெள்ளத்துரை. "பல்லுப் புடுங்கத் தெர்லன்னா தெர்லன்னு சொல்லு பாப்பா. ஒரு பல்லுக்கு வந்தவன கேன்சர்ன்றியே!" ஆனாலும் அவள் கெஞ்சியதில் மறுபடி உட்கார்ந்து பல்லை மட்டும் தேய்த்துக்கொண்டார். புண்ணுக்குப் பக்கத்தில் சிறு அளவுகோலை வைத்து அவள் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே செங்குட்டுவன் கேட்டார்.

"இன்னா சொன்ன அவன்கிட்ட? போன் போட்டு என்ன வாங்கு வாங்குன்னு வாங்கறான். நல்லா கீற மன்சன்கிட்ட பேசற பேச்சா அது?"

"நைனா, அது நல்லா இல்ல. நான் தொட்டுப் பாத்தேன்."

"நீ பல்லு டாக்டரு. பல்லப் பாரு. கேன்சருக்கெல்லாம் வேற டாக்டரு கீறாங்க."

அப்பாவின் மனதில் அந்த 'வேற டாக்டர்' ஐந்து வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உள் ஒதுக்கீடு வந்த முதல் வருடம் அது. பெரியமேட்டில் கலந்தாய்வு. திரையில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. ரமாபாய்க்கு முன்னால் பதினோரு பேர் இருந்தபோது அவை தீர்ந்தன. மேசையிலிருந்த அதிகாரி, பல் மருத்துவம் எடுத்துக்கொள்கிறாயா, அடுத்த வருடம் மறுபடி நீட் எழுதுகிறாயா என்று கேட்டார். செங்குட்டுவன் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அவள், "எடுத்துக்கறேன் சார்" என்றாள். வெளியே வந்து அப்பா ஒரு டீ வாங்கிக் குடித்தார். பிறகு, "பதினோரு பேரு. ஒரு வருசம் பொறுத்திருந்தா ரியல் டாக்டரு" என்றார்.

அவசரத்தில் சொன்ன பதில் இல்லை அது. அவள் ஏழாவது படித்தபோது அம்மா மலர்க்கொடிக்கு ஒரு பக்கம் முகமே வீங்கிப் போனது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. லீவு போட முடியாமல் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு எட்டு நாள் மிஷினில் உட்கார்ந்தாள். ஒன்பதாவது நாள் அரசு மருத்துவமனைக்கு ரமாபாய்தான் அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஊசி போட்டு, சீழை எடுத்து, பல்லையும் எடுத்தார். மொத்தம் அரைமணி நேரம். திரும்பும் பஸ்ஸில் அம்மா அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். எட்டு நாளாகத் தூங்காதவள். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று ரமாபாய்க்கு ஆச்சரியமாக இருந்தது. அழுதுகொண்டு வருகிறவரை அரைமணியில் எழுப்பி அனுப்பிவிடலாம், அதைக் கண்ணாலும் பார்க்கலாம்.

கல்லூரியில் சேர்ந்ததும் இன்னொன்றும் பிடித்துப்போனது. முதல் வருடம் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்யச் சொல்வார்கள். ஒவ்வொரு மேடும் பள்ளமும் அளவாக வர வேண்டும். எல்லோரும் சலித்துக்கொண்ட அந்த வேலையில் அவளுக்கு மணி போவதே தெரியாது. எல்லாவற்றுக்கும் பதறும் மனசு கத்தி கையில் வந்ததும் அடங்கிவிடும். படிப்பு முடியும்வரை அந்த நிம்மதி இருந்தது. வெளியே வந்ததும் போய்விட்டது.

வெளியே வேலை இல்லை என்பதுதான் நிலவரம். தெருவுக்கு இரண்டு பல் கிளினிக், ஒவ்வொன்றிலும் வேலை கேட்டு ஐந்து பேர். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் மெடிக்கல் கோடிங் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் நோய்க் குறிப்புகளைப் படித்து எண் போடும் வேலை. ஏசி அறை, வீட்டு வாசலில் கேப், மாதம் பிறந்தால் சம்பளம். யார் வாயையும் பார்க்க வேண்டாம், எந்தப் பல் என்று பயப்பட வேண்டாம். ரமாபாயும் விண்ணப்பித்து, தேர்வு எழுதி, வேலையும் கிடைத்துவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ். அடுத்த மாதம் இரண்டாவது திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சைமாவிடம் மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளத்துரை இரண்டு வாரம் கழித்து வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் போட்டாள், எடுக்கவில்லை. பதினெட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் பிடித்து எண்ணூர் போனாள். வழியெல்லாம் இரண்டு பயம். தான் சொன்னது தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது? சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

அவருடைய மனைவி பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். வெள்ளத்துரை தட்டில் ரசச் சோற்றைக் கூழாகப் பிசைந்து இடது பக்கமாக ஒதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசமா இப்படித்தான் திங்காவ" என்றாள் பேச்சியம்மாள். "காரம் ஆகாதாம், மீனு ஆகாதாம். கேட்டா ஒண்ணுமில்லங்காவ. என்ன தாயி விஷயம்?"

ரமாபாய் சொன்னாள். இம்முறை சுற்றி வளைக்கவில்லை. பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் தட்டை நகர்த்தி வைத்தார். "வூடு தேடி வந்து பேஜாரு பண்றியே பாப்பா" என்றார். ஆனால் குரலில் அன்றைய கோபம் இல்லை.

மறுநாளே அரசு மருத்துவமனையில் சதை எடுத்தார்கள். பேச்சியம்மாள்தான் கூடப் போனாள். வாய் சரியாகத் திறக்காததால் அவர் தலையை இழுத்துக்கொண்டார் என்றும், கிடைத்த அளவு எடுத்தார்கள் என்றும் பிறகு சொன்னாள். முடிவு வர பத்து நாள்.

அந்தப் பத்து நாளில் ஒரு காலை செங்குட்டுவன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்து, கன்னத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பார்த்துவிட்டாள் என்றதும் விளக்கை அணைத்தார்.

"நீயும் போடுவியா நைனா?"

"எப்பனாச்சும். அவன் குடுத்தா."

ரமாபாய் கையைக் கழுவிவிட்டு வந்து அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். இரண்டு கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி. எல்லாம் வழுவழுப்பாக, ஈரமாக இருந்தன. "ஒண்ணும் இல்ல. இத்தோட நிறுத்திடு" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

முடிவு வந்தது. புற்றுநோய் அணுக்கள் இல்லை, வெறும் அழற்சி என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலமே வெள்ளத்துரை ஒரு கிலோ ஜிலேபியோடு வியாசர்பாடிக்கு வந்தார். படிக்கட்டிலேயே சத்தம் போட்டுக்கொண்டுதான் ஏறினார். "செங்குட்டுவா! உன் பொண்ணு என்ன சாவடிச்சிட்டா. இன்னா பாப்பா, பாத்தியா? ஒண்ணும் இல்லன்ட்டான்."

யார்டு முழுக்க இந்தக் கதை பரவியிருந்தது. சிரித்தார்கள் என்று அப்பா சொல்லவில்லை, அவர் முகத்தில் தெரிந்தது. மலர்க்கொடி மகளுக்கு முட்டுக்கொடுக்கப் பார்த்தாள். "பாத்துக்கறது நல்லதுதானண்ணே. இனிமே அவ கம்ப்யூட்டர் வேலைக்குப் போறா. இந்தத் தொல்லையே கெடையாது."

ரமாபாய்க்குக் கேவலமாகவும் இருந்தது, பெரிய பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. சரி, போதும், போய்விடலாம் என்று நினைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். எல்லோரும் ஜிலேபி தின்றார்கள், வாங்கி வந்தவர் தின்னவில்லை. ஒரு துண்டைப் பிட்டு இடது பக்கமாக வைத்து, சப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு தடவ வாயக் காட்டுங்க."

"மறுபடியுமா!" என்று செங்குட்டுவன் அதட்டினார். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. விளக்கை அடித்தாள். பல்லை மழுங்கடித்து ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. முதல் நாள் அவள் குறித்து வைத்திருந்த அளவைவிட ஒரு சுண்டுவிரல் நகம் அளவு பெரிதாகியிருந்தது.

அன்று சைமாவுக்குப் போன் செய்தாள். சைமா பொறுமையாகக் கேட்டார். "ஓரத்துல மேலாப்புல எடுத்திருந்தா இப்படி வரலாம் ரமா. திரும்ப எடுக்கச் சொல்லலாம். ஆனா ரெண்டாவது தடவையும் ஒண்ணும் இல்லன்னு வந்தா உங்கப்பா முகத்துல நீ எப்படி முழிப்ப? அதையும் யோசிச்சுக்கோ. நான் இதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்."

ரமாபாய் யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது. ரிப்போர்ட் எழுதியவர் அவளைவிட எவ்வளவோ பெரியவர். அவளிடம் இருந்தது கெட்டியாகத் தட்டுப்பட்ட ஒரு ஓரம், அதைத் தொட்ட விரல், அவ்வளவுதான். மறுநாள் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சதை எடுக்க வேண்டும் என்றாள். பேச்சியம்மாள் அதை அப்படியே புருஷனிடம் சொல்வது கேட்டது. பிறகு வெள்ளத்துரைதான் போனை வாங்கினார்.

"நீ கூட வருவியா?"

"மாமா?"

"நீ வந்து நின்னா வரேன். நீ வரலன்னா நான் வரல. அவ்ளோதான்."

அரசு மருத்துவமனையில் மறுபடி சதை எடுக்க நாள் கிடைத்தது திங்கட்கிழமை. கம்பெனியில் அவள் சேர வேண்டிய திங்கட்கிழமை. போன் செய்து ஒரே ஒரு நாள் தள்ளிச் சேரலாமா என்று கேட்டாள். பயிற்சி அன்றுதான் தொடங்குகிறது, அடுத்த பேட்ச் எப்போது என்று சொல்ல முடியாது என்றாள் போனை எடுத்த கம்பெனிப் பெண், மரியாதையாகவே.

வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ கம்பெனிக்கு அவள் சொல்லவில்லை. திங்கள் காலை கேப் வந்து கீழே ஹாரன் அடித்தது. மலர்க்கொடி எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி வந்துட்சி, கெளம்பலியா?" என்றாள். ரமாபாய் டாக்டர் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்மா" என்றாள். செங்குட்டுவன் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கீழே இறங்கிப் போய்க் கேப் டிரைவரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, தன் பைக்கை எடுத்தார். "ஏறு" என்றார். பைக் பேசின் பிரிட்ஜைத் தாண்டியது. பிறகு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "உனுக்கு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது நைனா" என்றாள் அவள். அதுதான் உண்மை.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த வெள்ளத்துரையோடு உள்ளே போனாள். அங்கிருந்த டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "நெகட்டிவ்னு வந்திருக்கே. நீங்க யாரு, பொண்ணா?"

"இல்ல சார். இவர முதல்ல பாத்த டென்டிஸ்ட்."

வெள்ளத்துரையின் வாயைப் பார்த்தபோதெல்லாம் போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். தேதி வாரியாக நான்கு படங்கள், ஒவ்வொன்றிலும் அளவுகோல். பின்பக்கம் கெட்டியாக இருக்கும் ஓரத்தைச் சொல்லி, அங்கே ஆழமாக எடுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கையுறை மாட்டித் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தொட்ட இடத்திலேயே விரல் கொஞ்சநேரம் நின்றது. "சரி, அங்கேயே எடுப்போம்" என்றார். வெள்ளத்துரை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இம்முறை தலையை இழுக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பக் கட்டம். கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை என்று ஸ்கேனும் சொன்னது.

ஒன்பது நாளும் அவள் எதை வேண்டிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. காகிதத்தைப் பார்த்தபோது, தான் சொன்னது சரி என்ற நினைப்பு ஒரு கணம்கூட வரவில்லை என்று பின்னால் சைமாவிடம் சொன்னாள். பேச்சியம்மாள் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளத்துரைதான் நிதானமாகக் கேட்டார். "இப்ப இன்னா பண்ணணும், அத்த சொல்லு."

கன்னத்தின் உட்பகுதியையும், அந்தப் பல்லையும் அதற்கு அடுத்ததையும், கொஞ்சம் எலும்பையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம். செங்குட்டுவன் அன்று வண்டி எடுக்கவில்லை. வெளியே மரத்தடியில் நின்றுகொண்டு, யார்டிலிருந்து போன் செய்த ஒவ்வொருவரிடமும், "எம் பொண்ணு சொன்னப்ப நான்தான் திட்டினேன்" என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னார். கதிர்வீச்சு தேவைப்படவில்லை.

கம்பெனியிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. சில நாள் அதை நினைத்து வருத்தப்பட்டாள். சம்பளத் தேதியில் வருத்தம் கூடும். சைமாவுக்குக் குழந்தை பிறந்து, கிளினிக்கை மூன்று மாதம் முழுதாக அவள் பொறுப்பில் விட்டுப் போனார். யார்டு டிரைவர்கள் இரண்டு பேர், மூன்று பேராக வர ஆரம்பித்தார்கள். பல்லுக்கு என்று வருவார்கள். உட்கார்ந்ததும், "அப்படியே கன்னத்தையும் பாத்துடும்மா" என்பார்கள். முன்பு ஒரு பல்லைப் பற்றிப் பயந்தாள், இப்போது ஒவ்வொரு வாயையும் பற்றிப் பயம். ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பம் வந்தபோது, வாய் அறுவை சிகிச்சைப் பிரிவைத்தான் முதலில் எழுதினாள். தேர்வுக்கு இன்னும் நாலு மாதம். புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது என்கிறாள். ஆனாலும் தினமும் திறக்கிறாள்.

வெள்ளத்துரை இப்போது டிரெய்லர் ஓட்டுவதில்லை. யார்டு கேட்டில் உட்கார்ந்து வண்டிச் சீட்டுப் பார்க்கிறார். பேச்சு கொஞ்சம் குழறும். வாய் திறக்கப் பயிற்சியாக, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு குச்சியில் தொடங்கி இப்போது பத்தொன்பதில் நிற்கிறது. ஒவ்வொரு குச்சி கூடும்போதும் படம் எடுத்து ரமாபாய்க்கு அனுப்புகிறார்.

போன வாரம் ஆறாவது மாதப் பரிசோதனை. தையல் போட்ட இடம், கழுத்து, மறு கன்னம் எல்லாம் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள் ரமாபாய். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இனிமே வராதுல்லா தாயி?"

வராது என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்லத்தான் தோன்றும்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள் ரமாபாய். "அடுத்த மாசம் அஞ்சாம் தேதி திரும்பப் பாக்கலாம். காலையிலேயே கூட்டிட்டு வந்துடுங்க."